பின்பக்கத்தை நகல் எடுக்கவில்லை

பழைய கார்களை வரிசையாக நிறுத்தி மார்க் போடும் கண்காட்சி ஒன்றில் என்னுடைய 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பரிசு வாங்கியது. அந்தப் பரிசை நான் பொய் சொல்லி வாங்கினேன். கண்காட்சி நடந்தது சென்னையில். நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், நான்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் முன் மாஜிஸ்திரேட் ஓர் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம்: நீ சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, சொன்னால் அது உனக்கு எதிராகவே பயன்படலாம். அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன்.

கடலூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடன் பிரிவில் இருந்த காலமெல்லாம் பாதி நாள் செய்தது ஒரே வேலைதான். மூலப் பத்திரத்தை ஒரு கையிலும் ஜெராக்ஸை மறு கையிலும் வைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு, சரிபார்த்தேன் என்று முத்திரை குத்துவது. முன்பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வருபவரை அப்படியே திருப்பி அனுப்புவேன். வில்லங்கம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. நான் செய்ததைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காக வாதாட வரக்கூடாது.

ஹெரால்டைப் பார்த்திராத தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பாசிடர் கல்கத்தாக் கார், ஃபியட் பம்பாய்க் கார் என்றால், ஹெரால்டு மெட்ராஸ் கார். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்த வண்டியை மெட்ராஸில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் இங்கே செய்தது. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கலாட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. இன்ஜின். பானட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முழு மூக்கும் முன்னால் சாயும்; முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம். மற்ற கார்களெல்லாம் ஒரே கூடாக வரத் தொடங்கிவிட்ட காலத்தில், இது மட்டும் தனிச் சேஸிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய பாடி. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்குப் பாடி அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூடு செய்து தர ஆளில்லாமல் துண்டுகளாகச் செய்ய நேர்ந்தது. அங்கே நெருக்கடியாக வந்தது நம் ஊர் டிங்கர்களுக்கு வசதியாகப் போயிற்று. எந்தத் துண்டு இற்றுப்போகிறதோ அதை மட்டும் கழற்றி, தட்டி, திருப்பிப் போடலாம்.

1968-ல் நான்கு கதவு வைத்த மார்க் 3 வந்தது. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையவே கிடையாது. அது முழுக்க நம்முடைய சரக்கு. என்னிடம் இருப்பது அதுதான். இந்த ஒரு விஷயத்தை நான் மறந்துபோனதில்தான் என் முட்டாள்தனத்தில் பாதி அடங்கியிருக்கிறது.

வண்டியின் முதல் சொந்தக்காரர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். புதிதாக வாங்கி, உடம்பு முடிந்தவரை அவரே ஓட்டினார். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு நோட்டு இருந்தது. பெட்ரோல் எத்தனை லிட்டர், அன்றைய விலை, மீட்டர் எவ்வளவு, ஆயில் மாற்றிய தேதி, ஸ்டெப்னி எங்கே பஞ்சர் ஆனது, எல்லாம் பென்சிலில் பொடி எழுத்து. அவர் காலமான பிறகு வீட்டில் அந்த அம்மா வண்டியை விற்கத் தீர்மானித்தபோது எனக்குத் தகவல் வந்தது. விலையில் அவர் பிடிவாதம் காட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "ஒடைச்சுடாதீங்க தம்பி. அவர் வெச்சிருந்த மாதிரியே வெச்சுக்குங்க."

"அப்படிச் செய்வேனாம்மா?" என்றேன்.

சாம்பல் நிற வண்டி. கூரையில் வேப்பம்பிசின் விழுந்து கறுத்த திட்டுகள். டிரைவர் பக்கக் கதவின் மேல்விளிம்பில், அவர் முழங்கை ஊன்றி ஊன்றி, பெயின்ட் தேய்ந்து அடியில் இருந்த பிரைமர் தெரிந்தது. முன்கண்ணாடி மூலையில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போவதற்கு ஒட்டிய பழைய வில்லை, பாதி எழுத்து அழிந்து. பின் மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு. சிதம்பரத்திலிருந்து பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக சிப்காட்டைத் தாண்டிக் கடலூர் வரை தன் காலிலேயே ஓடி வந்தது. வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒரு காலத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்பு காய்ச்சினார்கள். இப்போது இந்தக் கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. அதற்கு நடுவில் இவ்வளவு நல்ல நிலையில் ஒரு ஹெரால்டு நின்றதே பெரிது. அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பரிசு வாங்கக்கூடிய வண்டி என்று மட்டும் தெரிந்தது.

இந்தப் போட்டிகளில் மார்க் போடும் முறையை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். பழைய கார் ஊர்வலம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-லேயே தொடங்கிவிட்டது. வண்டியை நிறுத்தி வைத்து ஆணி வரை ஆராயும் கான்கோர்ஸ் போட்டியில் உலகத்தில் பெயர் பெற்றது கலிபோர்னியாவின் பெபிள் பீச், 1950-லிருந்து நடக்கிறது. பெரும்பாலான இடங்களில் நூறு மார்க்கைக் கொடுத்துவிட்டுக் குறைக்குக் குறை கழித்துக்கொண்டே வருவார்கள். வெளிப்புறம், உட்புறம், இன்ஜின் அறை, அடிப்பாகம். போல்ட்டின் தலை அந்தக் காலத்து அளவா, ஹோஸ் கிளிப் அந்தக் காலத்துத் தினுசா, வயர் உறையின் நிறம் சரியா, கண்ணாடி மூலையில் யார் முத்திரை, எல்லா விளக்கும் எரிகிறதா, செல்ஃப் ஒரே தட்டில் எடுக்கிறதா. இவ்வளவுக்கும் மேலே, வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி இருக்கிறதா என்பது. அதற்குக் காகிதமும் கேட்பார்கள்.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் ஒரு மேஸ்திரி. ஹெரால்டு ஓடிய காலத்திலேயே சின்னப் பையனாகப் பட்டறைக்கு வந்தவர். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து, கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையைக் கட்டைவிரலால் நெடுக அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் உள்ளே போயிற்று. டிக்கித் தரையில் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் காது கொடுத்தார்.

"கீழ்ப்பட்டை ரெண்டும் மாத்தணும் சார். டிக்கியில ஒரு ஒட்டு போடணும். மத்ததைக் கழுவி பாலிஷ் போட்டாப் போதும். கம்பெனி பெயின்ட் சார் இது. இத எடுத்துட்டா எவன் திரும்பக் குடுப்பான்?"

"பரிசு வாங்கணும் மேஸ்திரி."

"அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் யோசனை சொல்லவில்லை, நான் சொன்னதைச் செய்தார்.

முதலில் பாடியைக் கழற்றிச் சேஸிஸைத் தனியாக்கினோம். குறுக்குச் சட்டம் ஒன்றில், அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்தபோது, மஞ்சள் பெயின்டில் கையால் எழுதிய ஓர் எண்ணும் பக்கத்தில் ஒரு டிக் குறியும் தெரிந்தன. மெட்ராஸ் தொழிற்சாலையில் யாரோ ஒரு பரிசோதகர் 1969-ல் போட்டது. மேஸ்திரியின் கையாள் பையன் அதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினான். நான் பார்த்தேன். மறுநாள் அந்தச் சேஸிஸை மணல் பீய்ச்சும் பட்டறைக்கு ஏற்றி அனுப்பினேன்.

இதில் என் மானம் போகும் இடம் ஒன்று இருக்கிறது. கும்பாபிஷேகம் என்ற பெயரில் கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளை மழுங்கடிக்கிறார்கள் என்று கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதியவன் நான். சோழன் காலத்து எழுத்தானால் கோபம் வருகிறது. வண்டிக் கம்பெனித் தொழிலாளி எழுதினால் அழுக்காகத் தெரிகிறது. சேஸிஸ் ஒரு குறியும் இல்லாமல் வெறும் இரும்பாகப் பளிச்சென்று திரும்பி வந்தது. ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு அடித்தோம்.

பிறகு பாடி. பெயின்ட் ரிமூவர் பூசி, நுரைத்து வந்ததைத் தகட்டால் வழித்தார்கள். நெளிவைத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் இந்தக் காலத்து பி.யூ. பெயின்ட், அதற்கும் மேல் கிளியர் கோட். 1969-ல் எந்தத் தொழிற்சாலையும் ஒரு ஹெரால்டுக்கு அந்த மினுக்கைக் கொடுத்ததில்லை. டியூக்கோ பெயின்டில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் தங்கும். இதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். முன்கண்ணாடி வில்லையை நானே பிளேடால் சுரண்டினேன். அது லேசில் வரவில்லை. வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டினேன்.

அடுத்தது பாகங்கள். டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றிலும் லூகாஸ்-டிவிஎஸ் என்று பொறித்திருந்தது. லூகாஸ்-டிவிஎஸ் 1961-ல் தொடங்கிய கம்பெனி. தொழிற்சாலை சென்னை பாடியில். மெட்ராஸில் செய்த காருக்கு மெட்ராஸில் செய்த டைனமோ. அந்த வண்டியில் இருக்க வேண்டியது அதுவேதான். நானோ இங்கிலீஷ் கார் என்றால் இங்கிலீஷ் பாகம்தான் அசல் என்று நினைத்துக்கொண்டேன். இங்கிலாந்தில் ஹெரால்டுக்குப் பாகம் விற்கிறவர்களிடம் கேட்டு வாங்கி, கஸ்டம்ஸ் கட்டி, பெட்டி வந்து இறங்கியபோது வீட்டில் தேங்காய் உடைக்காத குறை. கழற்றிய மூன்றையும் எடைக்குப் போடப் போனேன். மேஸ்திரி ஒன்றைத் தனக்குக் கேட்டார், எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது இன்னும் அவர் பட்டறையில் வேறொரு வண்டியில் ஓடுகிறது என்று கேள்வி.

பின்கதவுகளுக்கு ரப்பர் பீடிங் மட்டும் அந்தப் பெட்டியில் வரவில்லை. எப்படி வரும்? பின்கதவு வைத்த ஹெரால்டே அங்கே கிடையாதே. இரண்டு கதவு வண்டியின் பீடிங்கை வெட்டி, ஒட்டி, மூட்டு தெரியாமல் கீழ்ப்பக்கம் தள்ளினோம். பசை காயும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மெட்ராஸ் காரை எடுத்து, இங்கிலாந்தில் பிறக்கவே பிறக்காத ஓர் இங்கிலீஷ் காராக மாற்றிக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னது பேராசை, அறியாமை. இதற்கு மேல் சொல்லப்போவது பொய்.

இந்த வண்டியின் இன்ஜின் கூடப் பிறந்தது அல்ல. 1980-ல் பேராசிரியர் இன்ஜினை மாற்றியிருக்கிறார். ஸ்டாண்டர்டு கம்பெனி 1972-ல் கெஸல் என்று ஒரு கார் கொண்டுவந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுபவர்களுக்கும் ஒத்துவரவில்லை என்பதால் கெஸலுக்கு நேர் ஆக்சில் வைத்தார்கள். இன்ஜின் மட்டும் அதே 948 சி.சி. விபத்தில் மாட்டிய ஒரு கெஸலின் இன்ஜினை அவர் வாங்கிப் போட்டிருக்கிறார். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மனிதர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிவு செய்து, முத்திரை வாங்கி வைத்திருக்கிறார். பின்பக்கத்தில். பெட்ரோல் நோட்டிலும் அந்த மாதத்துக் கணக்கில் அது இருக்கிறது: இன்ஜின் என்ன விலை, மாற்றிய கூலி என்ன, ஏற்றி வந்த வண்டிச் சத்தம் எவ்வளவு என்று.

போட்டி விண்ணப்பத்தில் நேரான கேள்வி ஒன்று இருந்தது: இன்ஜின் அசலா, மாற்றப்பட்டதா? அசல் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஆர்.சி. நகல் கேட்டிருந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், "ரெண்டு பக்கமுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "முன்பக்கம் போதும்மா" என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பிளாக்கில் எண் பொறித்த இடத்தில் கறுப்பு பெயின்டைக் கனமாக அடிக்கச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை; மேஸ்திரி கேட்கவும் இல்லை. பேராசிரியரின் நோட்டுக்குக் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று செய்தேன். 1969-ஆம் வருஷத்து முதல் பக்கத்தை விரித்து, உள்ளே வைத்துத் திருகாணி முடுக்கினேன். பார்க்கிறவர்களுக்கு அது பொக்கிஷத்துக்குப் பாதுகாப்பு. எனக்கு அது யாரும் 1980-க்குப் புரட்டிவிடாமல் இருப்பதற்கான பூட்டு.

கண்காட்சி நாளன்று விடியற்காலையில் பையன் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சக்கரத்து நட்டுகளைத் தேய்த்தான். மேஸ்திரி டயர் பள்ளங்களிலிருந்து பொடிக்கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். நான் இஸ்திரி மடிப்புச் சட்டையோடு பக்கத்தில் நின்றேன்.

மார்க் போட வந்தவர் என்னைவிட வயதில் மூத்தவர். கையில் டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் நீளக் காம்பு வைத்த கண்ணாடி. வண்டிக்குக் கீழே கண்ணாடியை நீட்டிப் பார்த்தார். கதவின் அடிவிளிம்பை விரலால் தடவி விரலைப் பார்த்தார். பெயின்ட் மினுக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஏதோ குறித்துக்கொண்டார். டைனமோவில் டார்ச் அடித்தபோது ஒரு கணம் நின்றார். இன்ஜின் எண் இருக்கும் இடத்தில் அதைவிட அதிகமாக நின்றார். நிமிர்ந்து கேட்டார்: "இன்ஜின் வண்டியோட வந்ததுதானா சார்?"

"கூடப் பொறந்தது சார்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த நோட்டைப் பார்த்தார். எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். முத்திரை குத்தும் வேலையில் இருந்தவனுக்கு அந்தப் பார்வை பழக்கமானது. காகிதத்தில் ஏதோ இடிக்கிறது, ஆள் பார்த்தால் கௌரவமாக இருக்கிறார், விட்டுவிடுவோம் என்கிற பார்வை. நானே சிலருக்கு அப்படி விட்டுக்கொடுத்திருக்கிறேன். அவர் நம்பியது என்னை அல்ல. பென்சிலால் பைசாக் கணக்கு எழுதிய ஒரு பேராசிரியரின் நேர்மையை நம்பினார். அந்த நேர்மையை நான் கண்ணாடிக்குள் போட்டு வாடகைக்கு எடுத்திருந்தேன்.

என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியட் 1100 நின்றது. அதை ஓட்டி வந்த இளைஞர் அப்பா வண்டி என்றார். சீட்டு ரெக்சினில் தையல் விட்டிருந்தது. பெயின்ட் மங்கல், ஆனால் பழையது. அவர் தன் விண்ணப்ப நகலை வைப்பர் இடுக்கில் செருகி வைத்திருந்தார். இன்ன பாகம் மாற்றியது, இன்ன பாகம் கிடைக்காமல் வேறு போட்டது என்று கேட்காததைக்கூட எழுதியிருந்தார். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அவருக்கு மார்க் கழிந்திருக்கும். எங்கள் பிரிவில் எனக்கு முதல் இடம், அவருக்கு அடுத்தது. வித்தியாசம் அதிகமில்லை என்று பிறகு சொன்னார்கள். அவர் வந்து கைகொடுத்து, "சார், அந்த நோட்டைப் பார்த்ததே போதும்" என்றார். என் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நஷ்டப்பட்டவர் எனக்குக் கைகொடுத்தார், நானும் கொடுத்தேன்.

மேடையில் மைக்கை நீட்டி, வண்டி வேலையெல்லாம் யார் பார்த்தது என்று கேட்டார்கள். "எல்லாம் நானே கூட இருந்து பார்த்தேன்" என்றேன். கூட இருந்தது உண்மைதான். மேஸ்திரி கூட்டத்தின் பின்னால் தோளில் துடைக்கும் துணியோடு நின்றுகொண்டிருந்தார். ஊர் திரும்பும்போது நானாகவே பேச்செடுத்து, மேடையில் அவர் பேர் விட்டுப்போயிற்று என்றேன். "பரவால்ல சார், செலவு நீங்கதானே பண்ணீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

பரிசோடு அண்ணாமலைநகர் போய் அந்த அம்மாவிடம் வண்டியைக் காட்டினேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், ஒளிப்பானேன். வாசலுக்கு வந்து பார்த்தார். சுற்றி வந்தார். பின் மட்கார்டில் நெளிவு இருந்த இடத்தில் கை வைத்தார். "இது எங்க வண்டிதானா தம்பி?" என்றார். நம்பர் பிளேட்டைக் காட்டினேன். அதைத் தவிர அடையாளம் காட்ட என்னிடம் வேறொன்றும் மிச்சமில்லை. காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

பிற்பாடுதான் இந்தத் துறையில் பெரியவர்கள் சொல்வதையெல்லாம் படித்தேன். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1966-ல் தொடங்கியது. அதன் டுரின் சாசனம், முதலில் இருப்பதைக் காப்பாற்று, புதுப்பிப்பது கடைசி வழி என்கிறது. செய்த வேலையை மறைக்காமல் எழுதி வை என்றும் சொல்கிறது. 2024-ல் பெபிள் பீச்சில் முதல் பரிசு வாங்கியது 1934-ஆம் வருஷத்து புகாட்டி டைப் 59. பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த வண்டி. தேய்ந்த பழைய பெயின்டோடு அப்படியே வந்து நின்றது. புதுப்பிக்காமல் பாதுகாத்த வண்டிகளின் பிரிவிலிருந்து ஒன்று அங்கே தலைப்பரிசு வாங்கியது அதுவே முதல் தடவை. இதையெல்லாம் முன்பே படித்திருந்தால் தப்பியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஃபிவா சொன்னதை, புத்தகம் எதுவும் படிக்காமல், ஓ.டி. மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னது காதில் விழாதவனுக்கு டுரினிலிருந்து வந்திருந்தால் மட்டும் விழுந்திருக்குமா?

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனசாட்சி உறுத்தித் தூக்கம் வராததால் அல்ல, நன்றாகத்தான் தூங்குகிறேன். காரணம் வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண்; ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும் எடுக்கலாம். இந்த வயதில் எனக்கு அது போதும். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. விண்ணப்பம் படிவம் 20. அதோடு பழைய ஆர்.சி.யும் வைக்க வேண்டும். பரிசீலிக்க மாநில அளவில் கமிட்டி.

ஆக, கண்காட்சிக்காரர்கள் கேட்ட அதே கேள்வியை இப்போது அரசாங்கம் கேட்கிறது. 1980-ல் இன்ஜின் மாறியதைச் சொன்னால் தள்ளிவிடலாம். சொல்லாவிட்டால் பரிசுக் கோப்பையே எனக்கு நற்சான்றாக நிற்கும். ஒரு பொய் அடுத்த பொய்க்கு ஜாமீன் கொடுக்கும். படிவம் நிரப்பாமல் என் மேஜையில் கிடக்கிறது. பொய் எழுதும் ஆசை எனக்குப் போய்விட்டது என்று சொன்னால் அது இந்த வாக்குமூலத்தில் இன்னொரு பொய். ஆசை இருக்கிறது. கறுப்பு பெயின்ட் இன்னும் உரியாமல் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையும் அங்கேயேதான் இருக்கிறது.

அதனால் என் கையை நானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இதழ் வெளியானதும் ஒரு பிரதியோடு கோப்பை சென்னைக்குப் போகும். அந்த ஃபியட் இளைஞரிடம் சேர்ப்பிக்கும்படி கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பிரதி அண்ணாமலைநகருக்கு. மேஸ்திரியின் பெயரை இங்கே போட்டு, மேடையில் விட்ட கடனைத் தீர்க்கலாம் என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "ஐயோ வேணாம் சார், அந்த வண்டியக் கெடுத்தது நான்தான்னு ஊர்ல சொல்லுவாங்க" என்றார். அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

அச்சில் வந்துவிட்ட ஒன்றை மறைத்து விண்ணப்பம் எழுத முடியாது. ஆர்.சி. புத்தகத்தின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இனி எனக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் மட்டும் தெரிந்ததல்ல. இதைப் படித்த நீங்கள் அத்தனை பேரும் சாட்சி.